பெரியம்மாவின் அரிசி வெந்த அண்டா

பெரியம்மாவை அடக்கம் பண்ணின அன்று யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருந்தேன். பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவும் அவள் புருஷன் காத்தான் அண்ணனும் இருந்தார்கள். அவர்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், எங்கள் வேதம் இல்லை. பெட்டி செய்த ஆசாரி இருந்தார். வாத்து வளர்க்கிற சீனர் ஆசெங், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கல்லறை வேலிக்கு வெளியே நின்றார். உபதேசியார் வந்தார். வாசித்தார், ஜெபம் பண்ணினார், ஒரு பிடி மண் போட்டார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு முன்னால் பெட்டி தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நானும் காத்தான் அண்ணனும் ஆசாரியும் போக ஒரு தோள் குறைந்தது. நான் உபதேசியாரைப் பார்த்தேன். அவர் தன் வெள்ளை அங்கியைப் பார்த்துக்கொண்டார். அப்போது ஆசெங் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நாலாவது மூலையில் குனிந்து தோளைக் கொடுத்தார்.

எல்லாம் முடிகிற நேரத்தில் கிராணியார் மகள் கிரேஸ் அக்கா கைப்பிள்ளையோடு ஓடிவந்தாள்.

மற்றவர்கள் வரவில்லை. கிராணியார் வரவில்லை. அவர் தோட்டத்துப் பெரிய கணக்கர், எங்கள் சபைக்கும் மூப்பர். அவர் சம்சாரம் கிராணியம்மா வரவில்லை. பெரியம்மா இத்தனை வருஷம் யாரோடு ஒரே கூரையின் கீழ் முழங்கால் போட்டாளோ அவர்களில் ஒருத்தரும் வரவில்லை. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. ஊரிலும் இல்லாமல் இல்லை. மேட்டில் எங்கள் சபைக் கோயில், சரிவில் கல்லறை. அவர்கள் மேட்டில்தான் இருந்தார்கள். வெள்ளத்திலிருந்து ஆண்டவர் காப்பாற்றினதற்காக அன்று ஸ்தோத்திர அசனம், சபை கூடிச் சாப்பிடுகிற விருந்து. நாங்கள் குழியை மூடும்போது மேலேயிருந்து ஆட்டுக்கறி வாசனை இறங்கி வந்தது.

சிலிம் ரிவர் சகோதரரே, சகோதரிகளே, போன ஜெபக்கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன். வாய் வரவில்லை. நீங்கள் இரக்கப்பட்டு ஒரு பாட்டைப் பாடி என்னை உட்கார வைத்தீர்கள். அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஜெபம் கேட்கப்பட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் பெரியம்மாவுக்கு நான் செய்கிற துரோகம்.

பெரியம்மா பேர் ராகேல். என்னைப் பெற்ற அம்மாவுக்கு மூத்தவள். அம்மா தோட்டத்து லயத்து வீட்டில் காய்ச்சல் கண்டு போனபோது எனக்கு நடக்கத் தெரியுமாம், பேசத் தெரியாதாம். பெரியம்மா வந்து என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

அவள் பிறந்த வருஷம் அவளுக்கே தெரியாது. எழுபதைத் தாண்டியிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம். பெரியப்பாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினவள். முதலில் காப்பித் தோட்டம். காப்பி நொடித்துப்போய் ரப்பர் வந்தது. பெரியப்பா தோட்டத்தை விட்டு ஒரு மாட்டுவண்டி பிடித்தார். லகாட்டுக்கு அந்தப்புறம் எங்கள் சிற்றூர். சுற்றிலும் ஈயம் தோண்டுகிற குழிகள். குழியிலிருந்து ரயிலுக்கு ஈய மண் ஏற்றி வண்டி அடிப்பார். அன்றைக்கு வீட்டுக்குள் போனவள்தான் பெரியம்மா. வீடு, அடுப்பு, புருஷன், இரண்டு மாடு, பிறகு நான். பெரியப்பா மார்வலியில் போனார். மாட்டை விற்றோம். அடுப்பு மட்டும் மாறவில்லை.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. பாட்டெல்லாம் காதால் பிடித்தவை. சில இடத்தில் வார்த்தை தப்பாக இருக்கும், ராகம் தப்பாது. கோயிலுக்கென்று ஒரு வெள்ளைச் சேலை. அதைத் துவைத்து மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துத் தன் உடம்பாலேயே இஸ்திரி போடுவாள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கே போய்ப் பின்வாசல் பக்கம், செருப்பு விடுகிற இடத்துக்கு அருகில் உட்காருவாள். ஏன் அங்கே என்று நான் கேட்டால், “காத்து வருதுடா” என்பாள்.

காற்று வரத்தான் செய்தது. ஆனால் அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள். கப்பல் ஏறுமுன் ஊரில் எந்தத் தெருவில் இருந்தோம் என்பதைச் சபையில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். பாய் சொல்லும். இராப்போஜனக் கிண்ணம் சொல்லும். அது எங்களிடம் வரும்போது கடைசியாகத்தான் வரும், எங்களுக்குப் பிறகு யாருக்கும் போகாது. கப்பலில் எல்லாரும் ஒரே தகரக் குவளையில்தான் தண்ணீர் குடித்தோம் என்று பெரியம்மா சொல்லுவாள். இறங்கினதும் குவளை பிரிந்துவிட்டது.

என்னை ஈப்போவில் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள் அவள்தான். எங்கள் வம்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். “ராகேலு மவன் தொரை பக்கத்துல நாக்காலி போட்டு ஒக்காரப் போறானாம்லா” என்று கிணற்றடியில் சிரித்தார்கள். “போடுற நாக்காலிக்குக் கால் ஒடியாம இருந்தாச் சரி” என்று இவளும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு ரயில்வேயில் சரக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. நாற்காலி கிடைக்கவில்லை, ஒரு முக்காலி கிடைத்தது. அதற்கே அவள் கோயிலில் காணிக்கை போட்டாள்.

இனிமேல்தான் சொல்ல வந்தது.

உங்களுக்கும் பிடியரிசி வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியாகப் போட்டு வைப்பது. மாசம் பிறந்த முதல் ஞாயிறு எங்கள் சபைப் பெண்கள் அதைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் மரப்பெட்டியில் கொட்டுவார்கள். பாதியை ஏலம் விடுவார்கள். கோயில் அரிசி என்று அதிகம் கொடுத்து எடுப்பார்கள். மீதியை அசனத்துக்கு வைப்பார்கள். அசனத்துக்கு என்று ஒரு பெரிய செம்பு அண்டா இருந்தது. இரண்டு காது, வயிற்றில் ஒரு நசுங்கல். நான் பிறப்பதற்கு முன்னாலேயே வாங்கினது.

பெரியம்மா இந்த ஊருக்கு வந்த புதிதில் கிராணியம்மா அவளிடம் சொன்னாராம்: “ராகேலு, ஒன் அரிசியப் பெட்டியில கொட்டாத. தாவாரத்துல மண்ணெண்ண டின்னு இருக்கு பாரு, அதுல கொட்டு. அது ஏழைங்களுக்குன்னு தனியா.”

பெரியம்மாவுக்குப் பெருமை. “எல்லார் அரிசியும் கோயிலுக்குப் போவுது, என் அரிசி ஏழைக்குப் போவுது” என்பாள். அவளைப் பார்த்து எங்கள் ஆட்கள் இரண்டொருத்தர் டின்னில் போட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை. எங்கள் பானையில் பாதிநாள் மரவள்ளிக்கிழங்குதான். அரிசி போட்ட நாளில் பிடி எடுக்காமல் இருந்ததில்லை. கல் பொறுக்கி, பூச்சி பார்த்து, கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு ஜெபம் பண்ணுவாள். வருஷக்கணக்காக ஒரே ஜெபம். எனக்கு மனப்பாடம்.

“ஆண்டவரே, இது ஏழைக்குப் போவட்டும். ஒரே ஒரு தடவ மட்டும் ஒம்ம வீட்டு அண்டாவுல வேகட்டும். எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடணும். அத நான் பாக்கணும்.”

அவ்வளவுதான். எனக்கு வேலை கேட்டதுகூடக் கொஞ்ச நாள்தான். இதை விடாமல் கேட்டாள். அசனத்தன்று எங்களுக்கு வெளியே ரம்புத்தான் மரத்தடியில் இலை போடுவார்கள். சாதம் எங்களைத் தேடி வரும், நாங்கள் அண்டாவைத் தேடிப் போகக்கூடாது. அந்த அண்டாவைக் கழுவக்கூட எங்களைக் கூப்பிட்டதில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம். கோயில் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் சைக்கிள் மணி. ஆசெங் நின்றார், கையில் வாத்து முட்டை கட்டின ஒரு துணி.

“ஆச்சி, கோயில் டின்னுல பெராஸ் போடுறது நீங்கதானே?”

பெராஸ் என்றால் மலாயில் அரிசி. சீன முதலாளிகளை நாங்கள் தவுக்கே என்போம். பெரியம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். “ஆமா தவுக்கே. என்னா?”

“பாகுஸ்லா, ரொம்ப நல்ல பெராஸ். கல்லு இல்லே, பூச்சி இல்லே. என் வாத்து எல்லாம் குண்டு.” இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். “அடுத்த மாசம் நேரா எனக்குக் குடுங்க ஆச்சி. நடுவுல அவங்க எதுக்கு? நான் கூட ரெண்டு காசு போட்டுத் தாரேன்.”

“என்னா வாத்து?” என்றாள் பெரியம்மா.

அவர் சந்தோஷமாகச் சொன்னார். தாவாரத்து டின்னை மாசாமாசம் அவர்தான் வாங்குகிறார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா வாங்கினாராம். மலிவாகக் கிடைக்கும், நல்ல அரிசி. வாத்துக்குப் போடத் தவிட்டைவிட நல்லது.

பெரியம்மா ஒரு கேள்விதான் கேட்டாள். “பெட்டி அரிசியும் ஒங்களுக்குத்தானா தவுக்கே, டின்னு மட்டுமா?”

“பெட்டி இல்லே. டின்னு மட்டும். பெட்டி பெராஸ் அவங்க சாப்புடுவாங்க.”

சொன்ன பிறகுதான் அவர் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். முட்டையை மெதுவாகப் படியில் வைத்தார். “நான் என்னமோ தப்பா சொல்லிட்டேன்” என்று என்னிடம் மலாயில் சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா உள்ளே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. அழவும் இல்லை. தட்டில் கிடந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அங்கே கிராணியாரும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. கேட்டேன்.

உபதேசியார் குரலை உயர்த்தவே இல்லை. “தம்பி, வாத்தும் ஆண்டவர் படைச்ச ஜீவன்தானே. அந்தக் காசு கோயில் விளக்குக்குத்தான் போகுது. ராகேலம்மா அரிசியில விளக்கு எரியுதுன்னு நெனச்சுக்கோயேன்.”

“அவங்ககிட்ட ஏழைக்குன்னு சொன்னீங்களே ஐயா?”

“சபையில சமாதானம் வேணும்ல தம்பி. எல்லாருக்கும் ஒரே மாதிரி மனசு இருக்காது.”

கிராணியார் கோப்பையைக் கீழே வைத்தார். “நாலு எழுத்து படிச்சதும் அரிசிக்குக் கணக்கு கேக்க வந்துட்டான். ரயிலுல மூட்ட எண்ணுற புத்தி.”

அன்றிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. ஜெபம் பண்ணவும் இல்லை. வாத்துக்கு அரிசி போடுகிற வீட்டில் எனக்கு என்ன வேலை என்று இருந்தேன். சகோதரரே, உங்களில் யாருக்காவது அப்படி ஒரு காலம் வந்திருந்தால் அதன் ருசி தெரியும். நாக்கில் எதை வைத்தாலும் சாம்பல்.

பெரியம்மா கோயிலுக்குப் போனாள். அடுத்த ஞாயிறும் அதே வெள்ளைச் சேலை, அதே பின்வாசல். ஆனால் அரிசி கொண்டுபோகவில்லை. பிடி எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. கூரை மோட்டில் கயிறு கட்டி ஒரு டின்னைத் தொங்கவிட்டு, எலி எட்டாதபடி, அதில் போட்டாள். அது நிறைந்தது. இன்னொரு டின் வாங்கித் தொங்கவிட்டாள்.

நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: “பேசாம ஆசெங்குக்கே வித்துடு பெரியம்மா. முட்டையாவது கெடைக்கும்.”

“வாத்துக்குன்னு நான் ஒரு நாளும் எடுக்கல. யாருக்குன்னு எடுத்தேனோ அவருக்கு. அவர் வீட்டுல எடமில்லன்னா இங்க தொங்கட்டும்.”

“அவர் வீட்டுல அவருக்கே எடமில்ல.”

“வாயக் கழுவுடா” என்றாள். சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்து, “நீ சொல்றதும் நெசந்தான். அவரும் பின்வாசல்ல காத்து வாங்கிக்கிட்டு இருக்காரோ என்னமோ” என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்தது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கே குடைக்குள் நனைந்துகொண்டு போனார்கள். மழை விடவில்லை. ஒரு காலையில் மேலே இருந்த ஈயக் குழியின் கரை உடைந்தது. தண்ணீர் தண்ணீர் நிறத்தில் வரவில்லை, கரைத்த சுண்ணாம்பு போல் வந்தது. மாரியாயி அக்கா கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஓடியாங்க, ஓடியாங்க” என்று கத்தினாள். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது.

நான் பெரியம்மாவைத் தூக்க வந்தால், அவள் முக்காலிமேல் ஏறி டின்னை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.

“பெரியம்மா, விடு. என் சர்ட்டிபிக்கேட்டு எங்க?”

“அது வேகுமாடா?” என்றாள்.

ஒரு டின்னை நான் தலையில் வைத்துக்கொண்டேன், ஒன்றைக் காத்தான் அண்ணன். என் சர்ட்டிபிக்கேட்டு அந்த வெள்ளத்தோடு போயிற்று. பெரியம்மா மார்பளவு தண்ணீரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தக் குளிர்தான் பிறகு அவளைக் கொண்டுபோனது.

ஊரில் மேடு என்றால் கோயில்தான். எல்லாரும் அங்கே வந்திருந்தார்கள். கிராணியார் வீட்டிலும் தண்ணீர். எங்கள் ஆட்கள், காத்தான் அண்ணன் போல் எங்கள் வேதம் இல்லாதவர்கள், ஒரு கூடை வாத்தோடு ஆசெங், எல்லாரும் ஒரே கூரைக்குள். அப்போதும் பாருங்கள், யாரும் சொல்லாமலேயே அவர்கள் பீடத்துப் பக்கம், நாங்கள் பின்வாசல் பக்கம். நடுவில் ஈரத்தரை.

முதல் நாள் கையில் கொண்டுவந்த பிஸ்கோத்தும் வாழைப்பழமும் தீர்ந்தது. ஈப்போ ரோடு மூழ்கிவிட்டது, தண்டவாளமும் தெரியவில்லை. கோயில் அரிசிப் பெட்டி காலி. கிறிஸ்துமசுக்கு ஏலம் விட்டும் பொங்கியும் தீர்ந்தாயிற்று. மறுநாள் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. கிரேஸ் அக்கா பிள்ளை பெற்றுத் தாய்வீடு வந்திருந்தவள். அவள் குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று.

கிராணியம்மா எங்கள் பாயின் ஓரம் வரைக்கும் வந்தார். அதற்கு மேல் வரவில்லை.

“ராகேலு, அந்த டின்னுல என்னா?”

“அரிசிங்கம்மா.”

“எல்லாருக்கும் ஆவுமா?”

“கஞ்சியா வெச்சா ஆவும்.”

“குடு. புள்ளைங்க அழுவுது பாரு. நாங்க பொங்கிக்கிறோம்.”

பெரியம்மா டின்மேல் இருந்த கையை எடுக்கவில்லை. அவள் யாரிடமும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் எதிர்த்துப் பேசவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“தாரேம்மா. நான்தான் பொங்குவேன். அந்தப் பெரிய அண்டாவுல.”

“அண்டாவுலயா? பின்னால சின்னப் பானை ஒண்ணு கெடக்கு. ஒங்க ஆளுங்களுக்கு நீ அதுல...”

“சின்னப் பானையில இத்தன வயிறுக்கு வேகாதும்மா.”

தகரக் கூரையில் மழை அடித்தது. முன்னாலிருந்து கிராணியார் குரல் வந்தது: “கஞ்சிக்குப் பேரம் பேசுறா பாரு.”

“பேரம் இல்லைங்கய்யா. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒங்ககிட்ட கேக்கல.”

நான் உபதேசியாரைப் பார்த்தேன். அவர் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரேஸ் அக்கா எழுந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து கிராணியம்மாவின் கையில் வைத்தாள். “அம்மா, எனக்குப் பால் வத்திப்போச்சு. இவளுக்கு நான் என்னாத்தக் குடுக்கட்டும்? நம்ம சாதியக் கரைச்சு ஊத்தவா?” என்றாள். பின்கட்டுக்குப் போனாள். அண்டாவை ஒரு காதைப் பிடித்து அவளே இழுத்துக்கொண்டு வந்தாள். தரையில் அது உராய்ந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. “வாங்க ராகேலம்மா. இன்னொரு காத நீங்க புடிங்க.”

பெரியம்மா மழைத்தண்ணீரில் கையை முழங்கை வரைக்கும் கழுவினாள். பின்கட்டில் அசனத்து விறகு காய்ந்து கிடந்தது. மாரியாயி அக்கா முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பைக் கொடுத்தாள். கிரேஸ் அக்கா நெருப்பை ஊதினாள். பெரியம்மா டின்னைச் சாய்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். வருஷக்கணக்காக நான் பார்த்த பிடி ஒவ்வொன்றும் அதில் விழுவது போல் இருந்தது. அரிசி கொதித்தது. கோயிலுக்குள் சோற்று வாசனை பரவினதும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இரண்டும் தானாக நகர்ந்து நடுத்தரைக்கு வந்துவிட்டது. பசிக்கு அவ்வளவு பலம்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். ஆசெங் தன் கஞ்சியைத் தூக்கிக் காட்டி, கூடைக்குள் இருந்த வாத்துகளைப் பார்த்து, “இன்னைக்கி ஒனக்கு இல்லே, எனக்கு” என்றார். சிரிக்கக்கூடாது என்று இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். உபதேசியார் சாப்பிட்டார். கிராணியம்மா திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். கிராணியார் தூண் மறைவில் சாப்பிட்டார். பிறகு அவரே எழுந்து அண்டாவிடம் வந்து, பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல், இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். பெரியம்மா அடியில் கிடந்த கெட்டியாக வழித்து அவருக்கு ஊற்றினாள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கடைசியாகத் தனக்கு ஊற்றிக்கொண்டு கோயில் நடுவில் உட்கார்ந்தாள். பின்வாசலில் இல்லை, நடுவில். தட்டை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். நீளமான ஜெபம் பண்ணுவாள் என்று நினைத்தேன்.

“பாத்துட்டேன் ஆண்டவரே” என்றாள். சாப்பிட்டாள்.

இங்கேயே நிறுத்தினால் நல்ல சாட்சி. உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். நிறுத்த முடியவில்லை.

தண்ணீர் வடிந்தது. அவரவர் வீட்டுக்குப் போனோம். பெரியம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மருந்து கொடுத்தார், கேட்கவில்லை. சபையிலிருந்து கிரேஸ் அக்கா ஒருத்திதான் வந்தாள். பெரியம்மா ஒவ்வொரு ஞாயிறும், “மணி அடிச்சாச்சா? என்னை யாராச்சும் கேட்டாங்களா?” என்பாள். “கேட்டாங்க” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “மழை பெரியம்மா, யாரும் அதிகம் போகல” என்பேன்.

ஒரு சாயங்காலம் ஆசெங் முட்டை கொண்டுவந்தார். பாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று என்னென்னமோ பேசினார். பேச்சோடு பேச்சாக, “ஆச்சி, என் வாத்துக்கு இப்ப பெரிய யோகம். ஒங்க கோயில் அண்டாவுல தவுடு காய்ச்சுறேன்” என்றார்.

நான் அவரைத் தடுக்கக் கையை நீட்டினேன். பெரியம்மா பார்த்துவிட்டாள்.

“எந்த அண்டா தவுக்கே?”

“அதான், வயித்துல நசுங்கல் இருக்குமே. அவங்களுக்கு வேண்டாமாம். ரெண்டு வெள்ளிக்கு எடுத்துட்டுப் போன்னு குடுத்துட்டாங்க. ஈப்போவுல புதுசு சொல்லியிருக்காங்க, அசனத்துக்கு.”

பெரியம்மா மோட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆசெங்கை அடிக்க வேண்டும் போல் இருந்தது. அவர்மேல் என்ன தப்பு. அவர் எப்போதும் போல உள்ளதைத்தான் சொன்னார்.

“புதுசு வாங்குறாங்களாடா?” என்று என்னைக் கேட்டாள்.

“ஆமா பெரியம்மா.”

“அப்ப சாப்புட்டது நெசந்தான்.”

எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அப்படியே இருமலாகப் போயிற்று. தண்ணீர் கொடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“காய்ச்சல்ல கெடந்து கெடந்து, எல்லாம் நான் கனா கண்டதோன்னு இருந்துச்சுடா. எங் கையால எல்லாரும் சாப்புட்டாங்கன்னு யாரு நம்புவா? இப்பத் தெரிஞ்சு போச்சு. சாப்புடாமலா புது அண்டா வாங்குவாங்க?”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. ஆசெங் எழுந்தார். முட்டையை வைத்துவிட்டுப் போனார்.

அதே வாரம் சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மா போய்விட்டாள். நான் உபதேசியாரிடம் ஓடினேன். மறுநாள் அசனம். ஒரு வாரம் தள்ளி வையுங்கள் ஐயா என்று கேட்டேன். அவர் வருத்தப்பட்டார், அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். “ஆடு அறுத்தாச்சு தம்பி. ஈப்போவிலிருந்து ஆளுங்க வர்றாங்க. காலையிலேயே அடக்கத்த முடிச்சிடலாம், நான் வந்து ஜெபம் பண்றேன்” என்றார். பெட்டி வரத் தாமதமாயிற்று. காலை மத்தியானமாயிற்று. மீதியை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

குழி மூடினபின் கிரேஸ் அக்கா எங்களோடு வீட்டுக்கு வந்தாள். “நான் மேல சாப்புடல” என்றாள். இரண்டாவது டின்னின் அடியில் கொஞ்சம் அரிசி மிச்சம் இருந்தது. அவளே எடுத்துப் பொங்கினாள். காத்தான் அண்ணன், மாரியாயி அக்கா, ஆசாரி, ஆசெங், அவள், நான், எல்லாரும் பெரியம்மா படுத்திருந்த இடத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிடுவதற்கு முன்னால் யார் ஜெபம் பண்ணுவது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். நான் பண்ணினேன். அத்தனை நாளைக்குப் பிறகு அதுதான் முதல் ஜெபம். நன்றாக வரவில்லை. அவள் பேரைச் சொல்லும்போது உடைந்துபோனேன்.

பிறகு ரயில்வேயில் என்னை இங்கே மாற்றினார்கள். தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறேன். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுக்கிறேன். மாசத்துக்கு ஒருமுறை இந்தக் கொட்டகைக்கு நான் கொண்டுவருகிற அரிசி அதுதான். நீங்கள் யாரும் எந்த டின் என்று கேட்கவில்லை. இருக்கிற ஒரே பானையில் கொட்டினீர்கள். அன்றைக்கு நான் எழுந்து வெளியே போனதற்குக் காரணம் தலைவலி இல்லை.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன். ஆனால் பெரியம்மா கேட்டது கிடைத்தது. அவள் மனிதரிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. தன் வீட்டுப் பிள்ளைகளே வாசலை அடைத்தபோது, ஆண்டவர் வெள்ளத்தை அனுப்பி எல்லாரையும் அவள் அண்டாவைச் சுற்றி உட்கார வைத்தார். ஒரே ஒரு தடவை என்றாள், ஒரே ஒரு தடவை நடத்தினார். நான் அதிகம் கேட்கச் சொல்கிறேன். நீங்களும் கேளுங்கள். கை நிறைய எடுத்துக்கொண்டு, கல் பொறுக்கி, வெட்கப்படாமல் கேளுங்கள். பின்வாசலில் உட்கார்ந்து கேட்டாலும் அவர் காதில் விழுகிறது. அதற்கு நான் சாட்சி.

இன்னும் ஒன்று. அன்று கிரேஸ் அக்கா சொன்னாள். அசனத்தில் கிராணியார் எழுந்து நின்று, புது அண்டாவின் விலை இருபத்திரண்டு வெள்ளி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்து எல்லாரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள் என்று அறிவித்தாராம். பழையதற்கு ஆசெங் கொடுத்தது இரண்டு வெள்ளி. நான் மூட்டை எண்ணுகிறவன், கணக்குத் தப்பாது. ராகேல் பெரியம்மாவின் கையால் ஒருநாள் சாப்பிட்டதை மறக்க எங்கள் சபைக்கு ஆன செலவு, இருபது வெள்ளி.